இஸ்ரவேல் பேண்டின் வாத்துப் பாட்டு

இரணியல்,
6 நவம்பர் 2025

வேளிமலை சமுதாய வானொலி நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

நான் இரணியல் இஸ்ரவேல் பேண்டு செட்டின் மாஸ்டர் மத்தியாஸ். கல்யாணம், கோயில் கொடை, சபைப் பண்டிகை, அடக்கம் எல்லாவற்றுக்கும் வாசிக்கிறோம். மார்த்தாண்டம் முதல் வடசேரி வரை எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்களைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் செய்த காரியத்தின் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும்.

நேற்று காலை ஏழரைக்கு, 'தட்டும் ஊசியும்' என்ற உங்கள் நிகழ்ச்சியில் எங்கள் அடக்க ராகத்தைப் போட்டீர்கள். பெட்டி வீட்டை விட்டு இறங்கும்போது நாங்கள் வாசிக்கும் ராகம் அது. இந்தப் பக்கத்தில் அது கேட்டால் நடப்பவர் நிற்பார், பேருந்தும் ஒதுங்கும்.

எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் வானொலியைத் தெருவுக்குக் கேட்கும்படி வைப்பார்கள். பாட்டு வந்ததும் ஆட்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றிருக்கிறார்கள். பூக்கடை சுயம்புராஜ் மலர்வளையத்துக்குக் கம்பியை வளைத்து வைத்துவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்து, "அண்ணாச்சி, யாருக்கு? பேரைச் சொல்லுங்க, ரிப்பன்ல எழுதணும்" என்று நிற்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். "யாரு போயாச்சுன்னு எங்களுக்குச் சொல்லாம ரேடியோக்காரனுக்குச் சொன்னியளா?" என்று என் மனைவியிடம் சண்டை. கால் முறிந்து கிடக்கும் முருகதாஸ் கட்டிலில் இருந்தபடியே, "ஏலே, நான் இங்க கெடக்கேன், எனக்கு முந்தி எவன்லே போனது?" என்று சத்தம் போட்டாராம்.

அதோடு நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் உங்கள் அறிவிப்பாளர் பெண், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற ஒரு குரலில், இது ஏதோ ஆங்கில மேடை நாடகத்தின் சோகப் பாட்டு என்று சொன்னார். அந்த ராகத்தை இயற்றியவர் என் தகப்பனார் இஸ்ரவேல். இதை வானொலியில் திருத்திச் சொல்ல வேண்டும்.

நேயர்கள் கடிதம் எழுதலாம் என்று நீங்களே தினமும் சொல்வதால் எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு வேறு வார்த்தை வந்துவிடும்.

இப்படிக்கு,
இ. மத்தியாஸ்

*

வேளிமலை வானொலி,
8 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஜாஸ்மி. கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற அந்தக் குரல் என்னுடையதுதான். உங்கள் கடிதத்தைப் பொறுப்பாளர் சுனிதா மேடம் என்னிடம் தந்து, "நீயே போன் பண்ணிப் பேசிரு" என்றார். எனக்குப் போனில் பேச வராது. எழுதிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் மன்னிப்பு. முருகதாஸ் அவர்களிடமும் சொல்லுங்கள்.

ஒரு ரப்பர் எஸ்டேட் டாக்டரின் குடும்பத்தார் எங்கள் நிலையத்துக்குப் பழைய இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தந்தார்கள். எல்லாம் அறுபது எழுபது வருடங்களுக்கு முந்தையவை. ஜாஸ் குழுக்கள், நடன இசை, ஆங்கில மேடை இசை நாடகங்களின் பாட்டுகள். நவம்பர் மாதம் முழுக்க அவற்றைத் தினமும் காலையில் போடும் வேலை எனக்குக் கிடைத்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த இசை இல்லை. என் அப்பா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார். வெட்டு முடிந்து பால் எடுக்கும் நேரத்தில் போனில் என் நிகழ்ச்சியை வைத்துக்கொள்வார். முதல் நாள் ஒருவர் சாக்ஸபோன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்கா, ஆனா அந்தாளுக்கு வீட்டுல ஏதோ பிரச்சினை" என்றார்.

நீங்கள் சொல்லும் பாட்டைக் கேட்டவுடன் எனக்கே அடையாளம் தெரிந்தது. என் அத்தையை அடக்கம் செய்த அன்று இதைத்தான் வாசித்தார்கள். உங்கள் பேண்டாகத்தான் இருக்கும். சிறு வயதில் இருந்து அழுகையோடு கேட்ட ராகம் ஆனதால், தட்டில் வந்தபோதும் சோகப் பாட்டு என்றே சொன்னேன். பாடியவர் குரலும் மிகவும் கனத்த ஆண் குரல். வார்த்தைகள் ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு இசை நாடகத்தின் பெயரும் 1956 என்றும் இருக்கிறது. இயற்றியவர் என்று வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் பெயர் இல்லை. இதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் கடைசியில் எழுதுகிறேன்.

பணிவுடன்,
ஜாஸ்மி

*

இரணியல்,
11 நவம்பர் 2025

ஜாஸ்மி அவர்களுக்கு,

உங்கள் அத்தைக்கு வாசித்தது நாங்கள்தான். குலசேகரம் பக்கம் வேறு யாரும் அந்த ராகத்தைத் தொட மாட்டார்கள். தொட்டாலும் எங்களை மாதிரி நிறுத்தி வாசிக்க வராது.

1956 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம் என் தகப்பனார் கொழும்பில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் இருந்தார். சாயங்காலம் அங்கே வெள்ளைக்காரர்கள் ஆடுவதற்கு ஒரு பேண்டு வாசிக்கும். ஆள் குறைந்தால் இவரைக் கூப்பிட்டு கார்னெட் என்ற பித்தளைக் குழலைக் கையில் கொடுப்பார்கள். அங்கே இவர் வாசித்ததைக் கேட்டு எவனோ ஒருவன் சீமைக்குக் கொண்டுபோய்த் தட்டில் அடித்துவிட்டான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தகப்பனார் இறந்துபோனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் வாயால் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் பேண்டில் இருந்த பழைய ஆட்கள் அத்தனை பேரும், "உங்கப்பா போட்ட ராகம்லே" என்று சொல்லித்தான் எனக்கு வாசிக்கவே கற்றுக்கொடுத்தார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் பேண்டுக்கு ஒத்திகை பார்க்கப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறோம். இப்போது பேண்டில் கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர், பழைய ஷெட்டில் இடம் போதவில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வாசலில் வைக்க மயிலாடியில் கல் வெட்டக் கொடுத்திருக்கிறேன். அதில் 'அடக்க ராகத்தை இயற்றிய இஸ்ரவேல்' என்று பெயர் வருகிறது. ஐந்து ஊர் ஆட்கள் வருவார்கள். அவர்கள் எல்லாரும் உங்கள் வானொலியும் கேட்கிறவர்கள். கல் ஒன்று சொல்ல, ரேடியோ வேறொன்று சொல்ல, நான் நடுவில் நின்று என்ன முகத்தோடு கும்பிடுவது?

முப்பதாம் தேதிக்கு முன்னால் திருத்திச் சொல்லிவிடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நிகழ்ச்சியையும் நான் கேட்காமல் இல்லை. நேற்று வந்த ட்ரம்பெட்காரன் சுருதியைச் சாய்த்துச் சாய்த்து ஊதுகிறான். என் பையன்கள் அப்படி ஊதினால் குழலைப் பிடுங்கிவிடுவேன்.

மத்தியாஸ்

*

வேளிமலை வானொலி,
14 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்து எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் சிஜின். அவர் தங்கை கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில்தான் அந்தப் பாட்டை நான் தனியாகப் பதிவு செய்தேன். நேற்று திரும்பி வந்து கேட்டவர் முதலில் நெற்றியைச் சுளித்தார். பிறகு தட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது வேகமாச் சுத்த வேண்டிய தட்டு. நீ பெரிய தட்டை ஓட்டுத மெதுவான வேகத்துல ஓட்டியிருக்க" என்றார். வேறு எந்தப் பாட்டாக இருந்தாலும் இழுக்கிறதே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இது எனக்குத் தெரிந்த நடையிலேயே வந்தது. அதனால் தோன்றவே இல்லை.

சரியான வேகத்தில் ஓட்டினோம். மாஸ்டர், அது சோகப் பாட்டு இல்லை. அந்த ஆண் குரல் பெண் குரலாக மாறியது. வார்த்தைகளும் தெளிவாகக் கேட்டன. எழுதாமல் விட்டால் நான் மறைத்தது போல ஆகும். எழுதுகிறேன். ஒரு கணவன் விருந்துக்கு வாத்து வாங்கச் சந்தைக்குப் போகிறான். வருகிற வழியில் வாத்தோடு பேசிப் பேசிச் சினேகமாகி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறான். வீட்டில் மனைவி எண்ணெய் காயவைத்துக் கத்தியோடு நிற்கிறாள். இவன் வாத்தை மேசையில் உட்காரவைத்து, அதற்கும் சேர்த்து ஒரு தட்டுப் போடச் சொல்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு கிளாரினெட் வாத்து போலவே கத்துகிறது. உங்கள் நடையில் அது எந்த இடம் என்று யோசித்துப் பார்த்தேன். கார்னெட் நின்று இழுக்க, பெண்கள் சத்தம் போட்டு அழுவார்களே, அதே இடம்.

சிஜின் சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து விழப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே உங்கள் கல் ஞாபகம் வந்தது.

உங்கள் அப்பா இயற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. தவறான வேகத்தில் போட்டதை மட்டும் அடுத்த வாரம் சொல்லித் திருத்த வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். அடக்க ராகத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். முடிந்தால் அதற்கு முன் நிலையத்துக்கு வந்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

ஜாஸ்மி

*

இரணியல்,
20 நவம்பர் 2025

ஜாஸ்மி அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை வந்தேன். அந்தத் தம்பி சிஜின் தட்டைப் போட்டுக் காட்டினார். நீங்கள் விடுப்பு என்று சொன்னார். தட்டு அறையின் திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. அது யார் என்று நானும் விசாரிக்கவில்லை.

கேட்டேன். அது எங்கள் ராகம்தான். ஒரு சுரம் மாறவில்லை. வாத்தும் கத்தியது. 'எவனோ ஒருவன் சீமைக்குக் கொண்டுபோய்த் தட்டில் அடித்துவிட்டான்' என்று உங்களுக்கு எழுதிய வரியை நினைத்து, பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நேற்று தையல்காரர் ஜேசுதாஸ் அடக்கம். எங்கள் பேண்டின் சிவப்புக் கோட்டுகள் அத்தனையும் அவர் தைத்தவை. பெட்டி இறங்கியது. நான் கார்னெட்டை வாயில் வைத்தேன். அந்த இடம் வரப்போகிறது, அங்கே வாத்து கத்தும் என்று தோன்றியது. ஊத முடியவில்லை. கையைக் காட்டிப் பையன்களை ஒரு சபைக் கீர்த்தனைக்குத் திருப்பிவிட்டேன். குவைத்தில் இருந்து வந்திருந்த அவர் மகள் பெமிலா கல்லறையில் இருந்து திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, ஊரு பூரா உள்ளவங்களுக்கு அதை வாசிக்கிய. எங்கப்பாக்கு மட்டும் ஏன் இல்ல? அவரு உங்களுக்கு என்ன செய்தாரு?" என்றாள். வாத்து என்றா சொல்வது?

இனி எங்கள் பேண்டில் அந்த ராகம் கிடையாது. மயிலாடிக்குப் போன் செய்தேன். கல் வெட்டி முடிந்துவிட்டதாம். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். முப்பதாம் தேதி கல் இல்லாமலேயே திறந்துகொள்கிறோம். ஊர் முழுக்க ஒரு கேலிப் பாட்டை வாசித்து அனுப்பிவைத்தவருக்கு எதற்குக் கல்?

இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. இனி நீங்கள் பதில் எழுத வேண்டியதும் இல்லை.

மத்தியாஸ்

*

வேளிமலை வானொலி,
22 நவம்பர் 2025

அன்புள்ள மாஸ்டர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது நீங்கள் தெரிந்தே ஆக வேண்டியது. அதனால் எழுதுகிறேன்.

திரைக்குப் பின்னால் நின்றது நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை நிகழ்ச்சியில் தவறான வேகத்தைச் சொல்லி, சரியான வேகத்தில் பாட்டைப் போட்டேன். இன்று காலை நிலையத்துக்கு ஒரு அம்மா வந்தார்கள். பெயர் பகவதி. வடசேரியில் அரிசிக்கடை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இப்போதும் கல்லாவில் அவர்கள்தான் உட்காருகிறார்களாம். வந்ததும், "வாத்துப் பாட்டு போட்ட பிள்ளை எது?" என்று கேட்டார்கள். சிஜின் கையை நீட்டிக் காட்டிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். எனக்கு ஒளிய இடம் இல்லை.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

"எங்கப்பா கோலப்பன். இஸ்ரவேல் மாமா கொழும்புல இருந்து வந்த பொறவு சாயங்காலமானா எங்க கடைக்கு வந்திருவாரு. அரிசிமூட மேல இருந்து இதைத்தான் ஊதுவாரு. கதையையும் அவருதான் தமிழ்ல சொல்லுவாரு. எங்கப்பா வாத்து மாதிரி நடந்து காட்டுவாரு. சொமடு எறக்க வந்த ஆளுவ எல்லாம் சிரிச்சிட்டு நிப்பாங்க. ஒரு நாளு அதைக் கேக்கலேன்னா அப்பாக்குத் தூக்கம் வராது."

அவர்களுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1961இல், கோலப்பன் திடீரென்று இறந்துபோனார். உங்கள் அப்பா பேண்டோடு வந்து நின்றாராம். அப்போது உங்கள் பேண்டுக்கு அடக்கத்துக்கு என்று தெரிந்ததெல்லாம் கிறிஸ்தவக் கீர்த்தனைகள்தான். கோலப்பனின் அண்ணன்மார், "பேண்டு வேணும், வேதப்பாட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வேறு என்ன இருக்கிறது என்று பேண்டுக்காரர்கள் முழித்துக்கொண்டு நின்றார்களாம். உங்கள் அப்பா நேராக அடுக்களை வாசலுக்குப் போய், பகவதி அம்மாவின் அம்மாவிடம் பேசினாராம். பகவதி அம்மா பக்கத்திலேயே நின்றார்கள்.

"அக்கா, அவனுக்குப் பிடிச்சது எனக்கு ஒண்ணுதான் தெரியும். அதைப் பைய வாசிக்கேன். பைய வாசிச்சா யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்."

இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது பகவதி அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

தெருவில் அந்த நடை வந்தபோது பெரியவர்கள் எல்லாரும் அழுதார்களாம். பகவதி அம்மாவின் சின்னத் தம்பிக்கு மட்டும் அப்பா வாத்து மாதிரி நடந்தது ஞாபகம் வந்து சிரித்துவிட்டானாம். "எங்கம்மா அவன அடிக்கல்ல பிள்ளே. அவளும் முந்தானைய வாயில வச்சிட்டுச் சிரிக்கா. அழுகையும் சிரிப்புமா வந்து, அவளால நிறுத்த ஒக்கல்ல." அடுத்த மாதம் அந்தத் தெருவில் இன்னொருவர் போனபோது, கோலப்பனுக்கு வாசித்தது வேண்டும் என்று கேட்டார்களாம். பிறகு சபைக்காரர்களும் கேட்டார்கள். யார் வீட்டுக்கும் பொருந்துகிற நடையாக இருந்ததால் அது ஊர் ஊராகப் போனது. போகப் போகக் கோலப்பன் என்ற பெயர் உதிர்ந்துவிட்டது.

உங்கள் அப்பா அதை இயற்றவில்லை, மாஸ்டர். ஆனால் அவர் கேலிப் பாட்டை வாசித்து யாரையும் ஏமாற்றவும் இல்லை. இதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கும். பகவதி அம்மாவின் கடை வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள சந்தில் இருக்கிறது. நீங்கள் வந்தால் காப்பி தருவேன் என்று சொல்லச் சொன்னார்கள்.

ஜாஸ்மி

*

இரணியல்,
26 நவம்பர் 2025

ஜாஸ்மி மக்களுக்கு,

என் பிள்ளையைப் போல உன்னை இப்படி அழைக்கலாம் அல்லவா?

திங்கட்கிழமை வடசேரிக்குப் போனேன். பகவதி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கப்பா சாடை ஒண்ணும் இல்ல. மூக்கு மட்டும் உண்டு" என்றார். காப்பி தந்தார். கடையில் ஆள் நிற்கும்போதே முழங்கையை மடக்கி, தன் அப்பா எப்படி வாத்து மாதிரி நடப்பார் என்று நடந்து காட்டினார். அரிசி வாங்க வந்தவர்கள் பயந்துவிட்டார்கள். நான் கார்னெட்டைக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் தட்டில் கேட்ட வேகத்தில் வாசித்தேன். சுருதி பல இடத்தில் நழுவியது. என் வாழ்நாளில் அந்த ராகத்தை அந்த வேகத்தில் நான் வாசித்ததே இல்லை. முடிந்ததும் அக்கா, "இப்பம் பைய வாசி" என்றார். வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அரிசியைக் கையில் அள்ளியபடி நின்றார்.

வருகிற வழியிலேயே பையன்களை வரச் சொன்னேன். சாயங்காலம் ஜேசுதாஸ் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிகிற வரைக்கும் தெருவில் காத்து நின்றோம். பிறகு முற்றத்தில் இறங்கி, அவர் தைத்த கோட்டோடு அவருக்கு அந்த நடையை வாசித்தோம். பெமிலா வாசலில் நின்று கேட்டாள். அந்த இடம் வந்தபோது எனக்கு வாத்தும் வந்தது, கோலப்பனும் வந்தார். என் மூச்சு தடுக்கவில்லை. முடிந்த பிறகு பெமிலாவிடம் எல்லாக் கதையையும் சொன்னேன். "அப்பம் வாத்துதானா மாமா?" என்று கேட்டு, இத்தனை நாள் அழுத கண்ணோடு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள்.

இப்போது கல் விஷயம். மயிலாடிக்காரர் கோலமிட்டது போல அழகாக வெட்டியிருக்கிறார். ஆனால் அதில் உள்ளது உண்மை இல்லை. மறுபக்கத்தில் வெட்ட முடியுமா என்று கேட்டேன். "ரேடியோல என்னத்தெ சொன்னாலும் உங்க ஊர்க்காரன் கல்லைத் திருப்பிப் போடுவானா?" என்று திட்டினார். சனிக்கிழமைக்குள் தருகிறேன் என்றும் சொன்னார். அதில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக உட்கார்ந்து பார்த்தேன். நான் எழுதினால் புகழ்ச்சியாகத்தான் வருகிறது. நீ எழுதித் தா. பொய் வேண்டாம். என் தகப்பனாரைக் குறைக்கவும் வேண்டாம்.

பின்குறிப்பு: அந்த ட்ரம்பெட்காரனின் சத்தம் மூடி வைத்தது போல வருகிறதே, அது எப்படி என்று பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழல் வாயில் தேங்காய்ச் சிரட்டையை வைத்துப் பார்த்தோம். கொள்ளாம், பரவாயில்லை. ஏறக்குறைய வந்துவிட்டது. அவன் சுருதியைச் சாய்ப்பதும் வேண்டுமென்றேதான் என்று இப்போது தெரிகிறது.

மத்தியாஸ்

*

வேளிமலை வானொலி,
27 நவம்பர் 2025

அன்புள்ள மாஸ்டர் மாமா அவர்களுக்கு,

தபாலை நம்பினால் சனிக்கிழமை தாண்டிவிடும். சிஜின் இன்று உங்கள் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கல்லுக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று முதலில் பயந்தேன். பிறகு, நான் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. இதைப் பாருங்கள்:

'இஸ்ரவேல். கார்னெட் வாசித்தவர். கொழும்பில் கேட்ட ஒரு சந்தோஷப் பாட்டை, தன் நண்பர் வடசேரி கோலப்பனை வழியனுப்பப் பைய வாசித்தார். அன்று முதல் நம் எல்லோருக்கும் அதுவே.'

'மெதுவாக' என்றுதான் முதலில் எழுதினேன். பகவதி அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டுமே, அவர்கள் அப்பாவின் பெயரைப் போட அனுமதி வேண்டுமே என்று போன் செய்தேன். ஆமாம், போன்தான். நானே செய்தேன். "அவரு 'பைய'ன்னுதானே சொன்னாரு? அதையே எழுது பிள்ளே" என்றார்கள். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். கல்லாவில் யாருக்கோ மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "போடு" என்று மட்டும் சொன்னார்கள்.

சனிக்கிழமையோடு என் மாதம் முடிகிறது. கடைசி நாளுக்கு ஒரு நடனக் குழுவின் இசையை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ட்ரம் வாசிப்பவர் குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம் மாதிரி ஒன்றால் தேய்க்கிறார். விடியற்காலையில் முற்றம் பெருக்கும் சத்தம் போலவே இருக்கிறது. அப்பா இதையெல்லாம் நிறுத்திவிடாதே என்கிறார். பால் வெட்டுகிற எல்லாருமே இப்போது கேட்கிறார்களாம். டிசம்பர் முழுக்கக் கிறிஸ்மஸ் பாட்டு, ஜனவரியில் மறுபடியும் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எனக்கு மைக் மட்டும் தரக் கூடாது.

ஜாஸ்மி

*

இரணியல்,
1 டிசம்பர் 2025

ஜாஸ்மி மக்களே,

நேற்று நீ ஐந்து மணிப் பேருந்துக்கு ஓடிவிட்டாய். அதன் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை.

அவ்வளவு கூட்டம் வரும் என்று நானும் நினைக்கவில்லை. மயிலாடிக்காரரும் வந்து, தன் எழுத்தை யாராவது புகழ்வார்களா என்று கல் பக்கத்திலேயே நின்றார். எங்கள் சபை ஐயர் ஜெபம் செய்து திரையை விலக்கினதும், நாங்கள் முதலில் பைய வாசித்தோமே, அப்போது எல்லாரும் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள். பிறகு பையன்கள் சிரட்டையை வைத்துக்கொண்டு அதையே ஓட்டமாக எடுத்தார்கள். நீ கிளாரினெட் பையன் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். பெமிலா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். கம்பு ஊன்றி வந்திருந்த முருகதாஸ், "எனக்கு ரெண்டாவதுள்ளதையே வாசிங்கடே, பைய உள்ளது வேண்டாம்" என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அவர் மகன் வேண்டாம் என்கிறான். அவர்கள் வீட்டில் இன்னும் சண்டை.

நீ போன பிறகு பாயசம், வடை எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். பகவதி அக்காவைக் கூட்டிப்போக மகன் காரோடு வந்து நின்றான். அக்கா ஏறவில்லை. கல்லுக்கு முன்னால் நின்று தன் அப்பாவின் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக. நான் பக்கத்தில் போனேன்.

"எங்கப்பாவ எரிச்சுச் சாம்பலைக் கன்னியாகுமரி கடல்ல விட்டாச்சு மத்தியாஸே. உங்க ஆளுவளுக்குக் கல்லறை உண்டு. வருசத்துக்கு ஒரு நாள் போவிய, வெள்ளையடிப்பிய, பூ வைப்பிய. எங்களுக்கு அப்படிப் போயி நிக்க ஒரு எடம் கெடையாது. இனி நான் இங்க வரலாமா?" என்று கேட்டார்.

அதற்குள் என் மனைவி உள்ளே போனாள். ஒரு நாற்காலியை எடுத்து வந்து கல் பக்கத்தில் போட்டாள். அக்கா உட்கார்ந்தார். அவர் மகன் காரை அணைத்தான்.

மத்தியாஸ்